பழக்கம் என்னும் சங்கிலி: அதை அறுக்கக் கிறிஸ்தவ மரபு காட்டும் வழி

தீய பழக்கம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தவறணையிலிருந்து தள்ளாடி வரும் ஓர் ஆணின் உருவம்தான். பெண்களின் பழக்கங்களைப் பற்றி நாம் அதிகம் கதைப்பதில்லை. அவை வீட்டுக்குள்ளேயே மறைந்து கிடக்கின்றன. புகையிலை வைத்த வெற்றிலை வாயில் இல்லாவிட்டால் ஒரு வேலையும் ஓடாத அம்மா இருக்கிறார். நித்திரைக் குளிசை இல்லாமல் பாயில் சரிய முடியாத பெண் இருக்கிறார். மனம் குழம்பினால் பிள்ளையின் முதுகில் கை வைக்கும் தாய் இருக்கிறார். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்துக்கொண்டே போகும் குடும்பத் தலைவி இருக்கிறார். யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்து ஒரு மிடறு குடிக்கும் பெண்ணும் இருக்கிறார்.

இவற்றுள் பல பழக்கங்கள் கெட்ட எண்ணத்தினால் தொடங்கியவை அல்ல. இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில் பசியை மறக்கப் போட்ட வெற்றிலையாக, முகாமில் நித்திரையில்லாமல் தவித்தபோது கிடைத்த ஒரு குளிசையாக அவை வந்து சேர்ந்தன. 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் யுத்தம் முடிவடைந்தது. அந்த நாட்களில் தொற்றிக்கொண்ட பழக்கங்களோ இன்னும் பல வீடுகளில் நம்மோடு இருக்கின்றன.

“மனம் வைத்தால் விடலாம்” என்பதே இப்படிப்பட்டவர்களுக்கு நாம் வழமையாகக் கூறும் புத்திமதி. கேட்பவரும் மனம் வைக்கிறார். இரண்டு நாள் விடுகிறார். மூன்றாம் நாள் மீண்டும் தொடங்குகிறது. அதன் பின்னர் பழக்கத்தோடு வெட்கமும் சேர்ந்து கொள்கிறது. “நான் உதவாதவள்” என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணத்தை மறக்க மறுபடியும் அதே பழக்கத்தைத்தான் நாடவேண்டியிருக்கிறது.

கிறிஸ்தவ மரபு இந்த விடயத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு அனுபவம் உள்ளது. ஆலயம், மடம், குடும்பம் எனப் பல இடங்களில் மனிதர்கள் தம் பழக்கங்களோடு போராடிப் பெற்ற பாடங்கள் அதில் உண்டு. நீங்கள் எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் இந்தப் பாடங்கள் உங்களுக்கும் பயன்படும்.

காயம் வேறு, பழக்கம் வேறு

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். இரவில் ஷெல் சத்தம் கேட்டது போலத் திடுக்கிட்டு எழும்புவது தீய பழக்கம் அல்ல. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் சட்டையை எடுத்து வைத்து அழுவதும் தீய பழக்கம் அல்ல. இறந்தவரின் நினைவு நாளில் சமைக்க மனமில்லாமல் இருப்பது விசுவாசக் குறைவும் அல்ல. இவை காயங்கள். “நன்றாகச் செபித்தால் அழுகை வராது” என்று யாராவது சொன்னால், லாசருவின் கல்லறையருகே இயேசுவே கண்ணீர் விட்டார் என்று யோவான் நற்செய்தி கூறுவதை அவர்களுக்கு நினைவூட்டலாம். துயரத்துக்காக எவரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

அந்தக் காயத்தின் வலியைத் தணிக்க நாம் எடுத்துக்கொண்ட ஒன்று, பின்னர் நம்மையே ஆளத் தொடங்கும்போது அது பழக்கமாகிறது. ஆகவே பழக்கத்தை விட முயலும் பெண்ணுக்குக் காயத்துக்கான பராமரிப்பும் தேவை. ஒன்றை மட்டும் கவனித்து மற்றதை விட்டால் முயற்சி நிலைக்காது.

சங்கிலி எப்படி உருவாகின்றது?

புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 7 ஆம் அதிகாரத்தில் தம்மைப் பற்றியே ஓர் உண்மையைச் சொல்கிறார். தாம் விரும்பும் நன்மையைத் தம்மால் செய்ய முடியவில்லை என்றும், விரும்பாத தீமையையே செய்து விடுவதாகவும் அவர் வருந்துகிறார். திருச்சபையின் பெரிய அப்போஸ்தலரே இப்படிக் கூறியிருக்கும்போது, வெற்றிலையை விட முடியவில்லை என்று சொல்லும் ஒரு பெண்ணை மனவுறுதி இல்லாதவள் என்று இகழ எவருக்கும் உரிமை இல்லை.

பவுலுக்குச் சுமார் 350 ஆண்டுகளுக்குப் பின்னர் வாழ்ந்த புனித அகுஸ்தினார் இதனை இன்னும் விளக்கினார். ஆசைக்கு இடம் கொடுத்தால் அது பழக்கமாகிறது, பழக்கத்தைத் தடுக்காவிட்டால் அது கட்டாயமாகிறது, வளையங்கள் ஒன்றோடொன்று கோர்த்துச் சங்கிலியாவது போலத்தான் இதுவும் என்பது அவர் தம் சொந்த வாழ்விலிருந்து கண்டறிந்தது.

அவருடைய தாய் புனித மோனிக்காவை நம் ஊர்த் தாய்மார் பலர் அறிவார்கள். மகன் மனம் மாற வேண்டும் என்று பல ஆண்டுகள் கண்ணீரோடு செபித்தவர் அவர். ஆனால் அவருக்கும் இளம் வயதில் ஒரு பழக்கம் இருந்ததைப் பலர் அறியார். கி.பி. 400 ஐ அண்டிய காலத்தில் எழுதிய தம் வாழ்க்கை வரலாற்றில் மகனே அதனை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

மோனிக்கா இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகாஸ்தே என்ற ஊரைச் சேர்ந்தவர். சிறுமியாக இருந்தபோது பெற்றோர் அவரைப் பீப்பாயிலிருந்து திராட்சை இரசம் எடுத்துவர அனுப்புவார்கள். எடுக்கும்போது உதட்டில் மட்டும் சிறிது நனைத்துக் கொள்வார். குடிக்கும் ஆசையினால் அல்ல, சிறுபிள்ளைக் குறும்பினால்தான். ஒவ்வொரு நாளும் முதல் நாளை விடச் சிறிது கூடியது. இறுதியில் ஏறத்தாழக் கிண்ணம் நிறையக் குடிக்கும் அளவுக்கு அது வளர்ந்து விட்டது. அவரைக் கண்டிப்போடு வளர்த்த வயது முதிர்ந்த பணிப்பெண்ணுக்குக்கூட அது தெரியாது.

ஒரு நாள் அவரோடு பீப்பாயடிக்கு வழமையாகச் செல்லும் இளம் பணிப்பெண்ணுக்கும் அவருக்கும் வாய்த்தர்க்கம் வந்தது. அந்தப் பெண் கோபத்தில் அவரைக் குடிகாரி என்று ஏசிவிட்டாள். அந்தச் சொல் மோனிக்காவைக் குத்தியது. தம் நிலையைத் தாமே கண்டு அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டார்.

இக்கதையில் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். பழக்கம் ஒரு மிடறில் தொடங்கி, எவரும் காணாத இடத்தில் வளர்ந்தது. அதை இன்னொருவர் பார்த்துச் சொன்ன பின்னரே அவரால் காண முடிந்தது. ஆனால் ஏசுவதுதான் மருந்து என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அந்தப் பணிப்பெண் திருத்துவதற்காக அல்ல, புண்படுத்துவதற்காகவே அப்படிச் சொன்னாள் என்று அகுஸ்தினாரே எழுதுகிறார். குணமாக்கியது இறைவனின் செயல் என்பதே அவர் எண்ணம். ஆகவே அயலில் ஒரு பெண்ணின் பழக்கத்தை நாம் அறிந்தால் அதனைச் சந்தியில் வைத்துச் சொல்லாமல், அவரோடு தனியே இருந்து அன்பாகக் கதைப்பதே பொருத்தம்.

மூன்று மாதத்துக்கு மட்டும்

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1856 இல் பிறந்தவர் மற் டல்போட். வறிய குடும்பம், பன்னிரண்டு பிள்ளைகள், தகப்பனும் குடிப்பவர். 12 வயதில் மது வியாபாரி ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்த மற், விரைவிலேயே குடிக்கு அடிமையானார். சம்பளம் முழுவதும் தவறணைக்குப் போனது. காசு இல்லாத நாட்களில் சப்பாத்தை ஈடு வைத்துக் குடித்தார். தெருவில் வயலின் வாசித்துப் பிழைத்த ஒருவரின் வயலினைத் திருடி விற்றும் குடித்தார்.

1884 இல், 28 வயதில், ஒரு சனிக்கிழமை அவரிடம் காசு இல்லை. தாம் பலமுறை வாங்கிக் கொடுத்த நண்பர்கள் தமக்கும் வாங்கித் தருவார்கள் என்று தவறணை வாசலில் காத்து நின்றார். ஒருவரும் அழைக்கவில்லை. மனம் நொந்து வீட்டுக்குத் திரும்பியவர், இனிக் குடிப்பதில்லை என்று வாக்குக் கொடுக்கப் போவதாகத் தாயிடம் சொன்னார். காப்பாற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் போ என்று தாய் கூறி அனுப்பினார். ஒரு குருவிடம் சென்று பாவசங்கீர்த்தனம் செய்து அவர் கொடுத்த வாக்குறுதி மூன்று மாதத்துக்கு மட்டுமே.

வாழ்நாள் முழுவதும் என்று அவர் தொடங்கவில்லை என்பதுதான் இங்கு நாம் கற்க வேண்டியது. அந்த மூன்று மாதமும் அவருக்குப் பெரும் வேதனையாக இருந்தது. முடிந்ததும் வாக்குறுதியை நீடித்தார். அதன் பின்னரே வாழ்நாள் முழுவதற்கும் வாக்குக் கொடுத்தார். 1925 யூன் 7 ஆம் திகதி பூசைக்குச் செல்லும் வழியில் தெருவில் விழுந்து இறக்கும்வரை 40 ஆண்டுகளுக்கு மேலாக அவர் மதுவைத் தொடவில்லை. மரக்காலைத் தொழிலாளியாகவே வாழ்ந்த அவரைத் திருச்சபை 1975 இல் வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

அவர் செபத்தை மட்டும் நம்பி இருந்துவிடவும் இல்லை. ஒரு நாள் சட்டைப்பையில் காசு இருந்ததால் கால் தானாகத் தவறணைக்குள் போய்விட்டது. உள்ளே வேலை மும்முரத்தில் அவரை எவரும் கவனிக்கவில்லை. அவர் வெளியே வந்துவிட்டார். அதன் பின்னர் காசைக் கையில் கொண்டு திரிவதையே நிறுத்தினார். வயலின்காரரைத் தேடி அலைந்தார், கடன்களைத் திருப்பிக் கொடுத்தார். நமக்கும் இது பொருந்தும். வெற்றிலைத் தட்டம் கண்முன் இருக்கும் வீட்டில் வெற்றிலையை விடுவது கடினம். வீட்டில் பிரம்பு இல்லாவிட்டால் பிள்ளையை அடிக்க நீட்டிய கை ஒரு கணமாவது தயங்கும்.

கிறிஸ்தவர்கள் ஆண்டுதோறும் 40 நாள் தவக்காலத்தை அனுட்டிப்பதும் இதே முறையில்தான். ஓர் எல்லை உள்ள காலத்துக்கு ஒன்றை விட்டுப் பார்க்கிறோம். அது முடியும்போது, “என்னால் இயலும்” என்ற அனுபவம் கையில் இருக்கிறது.

வெறுமையாகக் கிடக்கும் வீடு

மத்தேயு, லூக்கா நற்செய்திகளில் இயேசு கூறிய ஓர் உவமை உண்டு. மனிதனை விட்டு வெளியேறிய தீய ஆவி அலைந்து திரிந்து மீண்டும் வருகிறது. வீடு கூட்டித் துப்புரவாக இருக்கிறது. ஆகவே தன்னைவிடப் பொல்லாத வேறு ஏழு ஆவிகளையும் அழைத்துக்கொண்டு அங்கே குடியேறுகிறது. மத்தேயுவின்படி அந்த வீடு வெறுமையாகவும் இருந்தது. துப்புரவாக்கினால் போதாது, அங்கே யாராவது குடியிருக்கவும் வேண்டும்.

பழக்கத்தை விட்டால் நாளில் ஒரு வெறுமை உண்டாகும். மற் டல்போட்டுக்கு வேலை முடிந்த பின்னேரப் பொழுதுதான் கடினமாக இருந்தது. முன்பு தவறணைக்குப் போன அந்த நேரத்தில் அவர் ஆலயத்துக்குப் போனார். உங்களுக்கு எந்த நேரம் கடினமானது என்று நீங்களே பாருங்கள். சிலருக்கு அது பிள்ளைகள் பாடசாலை சென்ற பின் வரும் தனிமை. சிலருக்குக் கடன் சேகரிப்பவர் வரும் நாள். சிலருக்கு விளக்கணைத்த பின் வரும் இருட்டு. அந்த நேரத்துக்கென்று ஒரு வேலையை, ஒரு செபத்தை, ஒரு துணையை முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுதல், பன்னப் பின்னல், அயல்வீட்டு அக்காவோடு சிறிது நேரம் கதைத்தல் என எதுவாகவும் இருக்கலாம்.

தனியே அல்ல, கூட்டாக

1742 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜோன் வெஸ்லியைப் பின்பற்றிய மெதடிஸ்த மக்கள் தம் கட்டடத்தின் கடனை அடைக்க ஒரு வழி தேடினர். பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் பொறுப்பாகி, கிழமைக்கு ஒரு பென்னி வீதம் சேர்ப்பது என்று தீர்மானித்தனர். காசு வாங்க வீடு வீடாகச் சென்ற தலைவர்கள் அங்கே குடியையும் சண்டையையும் கண்டனர். அதன்பின் அந்தச் சிறு குழுக்கள் கிழமைதோறும் கூடி ஒவ்வொருவரின் வாழ்வையும் விசாரித்து ஒருவரையொருவர் தாங்கத் தொடங்கின. பெண்களும் அவற்றில் தலைவிகளாக இருந்தனர். 1814 இல் மெதடிஸ்த மிசனரிமார் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பணியைத் தொடங்கியபோது இந்த மரபும் அவர்களோடு வந்தது.

நம் ஊர்ச் சேமிப்புக் குழுக்களையும் மாதர் சங்கங்களையும் நினைத்துப் பாருங்கள். காசு கட்டக் கூடும் அதே வாங்கில் மனச்சுமையையும் இறக்கி வைக்கலாம். ஆனால் அங்கே கேட்டதை வெளியே கொண்டு போவதில்லை என்ற ஒரு கட்டுப்பாடு அவசியம்.

1935 இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இன்னொரு முயற்சி தொடங்கியது. வியாபார விடயமாக அங்கே வந்த பில் வில்சன், குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர். வந்த காரியம் தோல்வியடைந்தது. தங்கியிருந்த விடுதியில் மதுச்சாலை அவரை இழுத்தது. தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளியோடு கதைத்தால்தான் தப்பலாம் என்று உணர்ந்து, தேவாலயங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். அப்படி அறிமுகமானவர் வைத்தியர் பொப் ஸ்மித். இருவரும் ஒக்ஸ்பேர்ட் குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தோடு தொடர்புடையவர்கள். அவர்களின் சந்திப்பிலிருந்து பிறந்ததே அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் என்ற அமைப்பு. இன்று அது எந்த மதத்தையும் சாராதது. குறையை இன்னொருவரிடம் ஒப்புக்கொள்ளுதல், தீங்கிழைத்தவர்களுக்கு ஈடு செய்தல், இன்றைய நாள் மட்டும் குடிக்காதிருத்தல் என்பன அதன் வழிமுறைகளில் முக்கியமானவை.

குடிக்கும் கணவரோடு வாழும் சகோதரிகளுக்கு

குடிப்பவர்களின் குடும்பத்தினருக்காக 1951 இல் அல்-அனொன் என்ற தனி அமைப்பு தொடங்கப்பட்டது. அதில் முன்னின்றவர்களுள் ஒருவர் பில் வில்சனின் மனைவி லோயிஸ். கணவனின் குடிக்கு மனைவி காரணம் அல்ல, அவளால் அதைக் கட்டுப்படுத்தவும் முடியாது, ஆனால் அவள் தன் வாழ்வைச் சீராக்கலாம் என்பதே அவர்கள் கற்றுக்கொண்டது.

மோனிக்காவின் கணவர் பத்ரீசியசும் முன்கோபி. அந்த ஊர்ப் பெண்கள் பலர் கணவர்மாரிடம் அடிவாங்கிய தழும்புகளோடு வந்ததாக அகுஸ்தினார் எழுதுகிறார். மோனிக்கா பொறுமையினால் கணவரைச் சமாளித்தார். அது 4 ஆம் நூற்றாண்டு. வேறு வழி எதுவும் அவருக்கு இருக்கவில்லை. இன்று உங்களுக்கு வழி உண்டு. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். 1938 என்ற பெண்கள் உதவித் தொலைபேசி இலக்கமும் உண்டு. அடியை வாங்கிக்கொண்டிருப்பதுதான் சிலுவையைச் சுமப்பது என்று எவர் சொன்னாலும் ஏற்காதீர்கள். அடிப்பவரை மன்னிப்பதும், அவரது கைக்கு எட்டாத இடத்தில் பிள்ளைகளோடு பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

வைத்தியரை நாட வேண்டியவை

செபமும் மனவுறுதியும் வைத்தியத்துக்குப் பதிலாகா. நீண்ட காலம் நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் சில நாட்களில் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, மனக்குழப்பம் என்பன வரலாம். இது உயிராபத்தானது. உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நித்திரைக் குளிசையையும் நீங்களாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். வைத்தியர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துத் தருவார்.

புகையிலை சேர்க்காவிட்டால் வெற்றிலை தீங்கில்லை என்று பலர் நினைக்கின்றனர். பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதிப்படுத்தியது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, ஆறாத புண், வாயைத் திறக்கச் சிரமம் என்பன இருந்தால் அரச வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். மனநிலை பற்றிக் கதைக்க 1926 என்ற தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கத்தை அழைக்கலாம். அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுக்குச் செல்வதிலும் வெட்கப்பட எதுவும் இல்லை.

இன்றே தொடங்கக்கூடியவை

1. விட விரும்பும் ஒரேயொரு பழக்கத்தைத் தெரிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக விட முயலாதீர்கள்.

2. ஒரு நாளுக்கு, அல்லது ஒரு கிழமைக்கு மட்டும் வாக்குக் கொடுங்கள். முடிந்ததும் நீடியுங்கள்.

3. இரகசியம் காக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள். தோழி, பங்குத்தந்தை, போதகர், அருட்சகோதரி, உளவளத்துணையாளர் எவராகவும் இருக்கலாம்.

4. பழக்கத்துக்கு இட்டுச் செல்லும் பொருளையும் வழியையும் அப்புறப்படுத்துங்கள்.

5. அந்த நேரத்துக்கு வேறொரு வேலையை வையுங்கள்.

6. உங்கள் பழக்கத்தால் பிள்ளை புண்பட்டிருந்தால் அவரை அருகில் அழைத்து மன்னிப்புக் கேளுங்கள். தாய் மன்னிப்புக் கேட்பதைக் காணும் பிள்ளை, தானும் தவறைத் திருத்தலாம் என்று கற்றுக்கொள்கிறது.

விழுந்து விட்டால்

விழாமல் பழக்கத்தை விட்டவர்கள் மிகச் சிலரே. நீதிமான் ஏழு முறை விழுந்தாலும் மீண்டும் எழுவான் என்ற கருத்தை நீதிமொழிகள் நூலில் காண்கிறோம். பேதுருவோ ஒரே இரவில் மூன்று முறை இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தவர். உயிர்த்த பின்னர் கடற்கரையில் அவரைச் சந்தித்த இயேசு, அந்த இரவைப் பற்றிக் கணக்குக் கேட்கவில்லை. தம்மிடம் அன்பு உண்டா என்று மூன்று முறை கேட்டார். ஒவ்வொரு முறையும் மந்தையைப் பராமரிக்கும் பொறுப்பைக் கொடுத்தார்.

சகோதரிகளே, பத்து நாள் விட்டு, பதினோராம் நாள் மீண்டும் வெற்றிலையை எடுத்தவர் பத்து நாளையும் இழந்து விடவில்லை. அந்தப் பத்து நாளும் அவர் வென்ற நாட்கள்தான். பதினோராம் நாள் எந்த நேரத்தில், எந்த மனநிலையில் கை போனது என்று அமைதியாக யோசியுங்கள். உங்கள் தோழியிடம் அதைச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் நாள் காலையில் அந்த ஒரு நாளுக்கு மட்டும் மீண்டும் வாக்குக் கொடுங்கள். யுத்தத்தின் நடுவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓர் இரவிலிருந்து அடுத்த விடியல்வரை, பின்னர் இன்னோர் இரவு என்று நடந்து வந்தவர்கள் நீங்கள். ஒரு நாளை ஒரு நாளாகக் கடப்பது எப்படி என்று உங்களுக்குப் புதிதாக எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.